நாலு வாசல் உள்ள நாதம்

கிட்ட வந்து உட்காருங்க கண்ணுகளா, போர்வையை இழுத்துக்கோங்க. ஒரு பெண் வாயை மூடிக்கொண்டிருந்தே ஒரு மாப்பிள்ளையை ஊரைவிட்டு அனுப்பிய கதை இது.

வடஜெர்மனியில் எங்கள் ஊர்த் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்தவர் செத்துப்போனார். அவர் மகள் ஸிபில்லா. வேலைக்கு வருகிறவன் செத்தவர் மகளையும் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது அந்தக் காலத்து வழக்கம். வேலை, வீடு, விறகு, பெண், எல்லாம் ஒரே மூட்டை.

வந்து சேர்ந்தான் டைட்லோஃப். தலையில் மாவு தூவிய பொய்முடி, கையில் ஒரே ஒரு சரக்கு, நாலு சுரம் சேர்ந்த ஒரு நாதம். பாட்டு போய் அமர்கிற சுரம்தான் வீடு. அதற்கு ஒட்டினாற்போல் கீழே நிற்பது வழிகாட்டிச் சுரம். அதன்மேல் சம இடைவெளியில் இன்னும் மூன்றை ஏற்றி, நாலையும் சேர்த்து அமுக்கினால், எப்போது வீடு போய்ச் சேரும் என்று காது ஏங்கும். இடைவெளி ஒன்றுபோல இருப்பதால் நாலில் எதையும் வழிகாட்டியாக எடுக்கலாம். நாலு வாசல், வாசலுக்கு ஒரு வீடு. டைட்லோஃப் இதை மூச்சுக்கு மூச்சு அமுக்கிவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வான். கஞ்சியிலும் மிளகு, கேக்கிலும் மிளகு போடுகிற சமையல்காரன்தான் ஸிபில்லாவுக்கு நினைவு வந்தான்.

"உருக்கிட்டாரேம்மா. குடுத்துவச்சவ நீ," என்றார் சபை மூப்பர் வோல்ராட்.

"உருகினது நீங்க. கட்டிக்கப்போறது நான்தானே?"

வேலைக்கான கடைசிப் பரீட்சை ஞாயிறு ஆராதனையில். முன்னிசை முடிகிற சுருதியில்தான் சபை ஞானப்பாட்டை எடுக்கும். எந்தக் குழல்கள் ஒலிக்க வேண்டுமோ அவற்றைத் திறக்கும் ஆர்கன் குமிழ்களை இழுத்துவிட ஸிபில்லா பக்கத்தில் நின்றாள்.

"ஐயா, எங்க ஊர்ல இந்தப் பாட்டைத் தாழ்த்தித்தான் பாடுவாங்க. எங்க சுத்தினாலும் அங்க வந்து நில்லுங்க."

"அம்மணி, நீங்க குமிழை இழுங்க. சுருதிய நான் பாத்துக்கறேன். கல்யாணத்துக்கு அப்புறமும் இப்படித்தான் பாடம் எடுப்பீங்களோ?"

முன்னிசை ஆரம்பித்தது. மிளகுக்கு மேல் மிளகு. ஒரு நாதத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவித் தாவி, கண் கட்டிச் சுற்றிவிட்டவன்போல, கடைசியில் நாலு விரலையும் அமுக்கியபடி நின்றுவிட்டான். எந்த விரலின் கீழ் வழிகாட்டி இருக்கிறது என்பது மறந்துபோயிற்று. பொய்முடி மாவு வேர்வையில் வழிந்தது. அவளைப் பார்த்து உதட்டை அசைத்தான்.

"எது?"

நாலில் அடியில் இருந்த சுரம்தான். அவளுக்குத் தெரியும். ஒரு விரலைக் காட்டினால் போதும். அவன் பிழைப்பான், இவள் அவன் பெண்டாட்டி.

"பாத்துக்கறேன்னீங்களே," என்றாள் மெதுவாக.

அவன் ஏதோ ஒரு வாசலில் பாய்ந்தான். வீடு எங்கேயோ மாடிக்கு மேல் இருந்தது. சபையும் நம்பிப் பின்னால் ஏறியது. பெண்கள் எண்ணெய் போடாத கதவுபோலக் கிறீச்சிட்டார்கள். வோல்ராட் சேவலாகக் கூவி, பாதியில் விட்டார். இரண்டாம் சரணத்தில் ஆர்கன் மட்டும் தனியாகக் கத்திக்கொண்டிருந்தது. பாதிரியார் புத்தகத்தை மூடினார்.

டைட்லோஃப் மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட நிற்கவில்லை, வண்டி ஏறிவிட்டான்.

"அந்த ஆளுக்கு வீடு எதுன்னே தெரியலையேம்மா," என்றார் வோல்ராட், போன தொண்டையோடு.

"அவனுக்குத்தான் என்னை வீட்டுக்காரியாக்கப் பாத்தீங்க."

அவர் இருமினார். "சரி. அடுத்தவன் வந்தா, முதல்ல நீ அவன் வாசிப்பைக் கேட்டுச் சொல்லு. அப்புறம் நாங்க கேக்கறோம்."

ஸிபில்லா அவரிடமிருந்து ஆர்கன் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கண்ணுகளா, உங்க வீட்டை விட்டுப் போறவங்க எல்லாம் சரியான வாசல்லயே திரும்பி வரட்டும். வந்து நிக்கிறவங்க உங்க சுருதிக்குச் சேரட்டும். அடுப்பு அணையாம, பாட்டு நிக்காம நல்லா இருங்க.