சலீமா என்று மூன்று தடவை

குமாரியின் மகளுக்கு அன்று இருபத்தெட்டாம் நாள். அரையில் நூல் கட்டிப் பேர் சொல்லும் நாள். பாறசாலைச் சந்தையிலிருந்து வெற்றிலையும் பழமும் வந்தாயிற்று. குழந்தையின் அப்பன் சுந்தரதாஸ் மட்டும் குவைத்தில். பிள்ளை பிறந்த மறுநாளே அங்கே படை புகுந்துவிட்டது. அதற்குப் பிறகு அவனைப் பற்றி ஒரு சேதியும் இல்லை.

சண்டைக்கு முன்னால் அவன் பேசி அனுப்பிய கேசட் ஒன்று இருந்தது.

"பெண்ணாட்டு பிறந்தா சலீமான்னு போடு குமாரி. நான் வண்டி ஓட்டுற வீட்டுப் பிள்ளைக்க பேராக்கும். ஒரு சேதமும் இல்லாதவ, பத்திரமா இருக்கப்பட்டவன்னு அர்த்தம். அதுக்க அம்மை வாசல்ல நின்னு விளிச்சா, எனக்கே ஓடிப் போவணும்போல இருக்கும்."

அந்தப் பேரை விட்டால் அவனையே கைவிட்டதுபோல் ஆகிவிடுமோ என்று குமாரி பயந்தாள். ஆனால் மாமனார் பொன்னையன் 'அனகா' என்று முடிவு செய்திருந்தார். ரேடியோவில் செய்தி தொடங்கினாலே செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிற மனுஷன். அவரிடம் என்னத்தைப் பேசுவது?

"அனகா போதும்," என்றான் அவள் அண்ணன் தேவகுமார். "மத்த பேரப் போட்டா, பிள்ளைய அம்பலத்துக்கா பள்ளிவாசலுக்கா கொண்டு போவியன்னு ஊர்ல கேப்பினும்."

பொன்னையன் குழந்தையை மடியில் வாங்கினார். இடக்காதை வெற்றிலையால் மூடிக்கொண்டு வலக்காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். குனிந்தார். குமாரி அவர் கையைப் பிடித்தாள்.

"மாமா, அவரு சொன்ன பேரு."



"அறபிப் பேருன்னு எனக்கு ஒண்ணும் இல்ல மக்கா," என்றார் பொன்னையன் தாழ்ந்த குரலில். "அர்த்தம் தெரிஞ்சுபோச்சே. அவன் வரல்லேன்னு வை. பத்திரமா இருக்கா, பத்திரமா இருக்கான்னு சாவுற வரைக்கும் நான் எப்பிடி விளிப்பேன்?"

இத்தனை நாள் அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாததை அவர் சொல்லிவிட்டார்.

"விளிக்காம இருந்தா மட்டும் வந்திருவாரா?"

அவள் அவர் அருகில் உட்கார்ந்து குழந்தையின் காதில் வாய் வைத்தாள்.

"சலீமா."

குழந்தை கண் கொட்டாமல் பார்த்தது.

"சலீமா."

மூன்றாவது தடவை வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது. பொன்னையன் வெற்றிலையால் குழந்தையின் இடக்காதை மூடினார்.

"நிறுத்தாத மக்கா," என்று பதறினார் அவர். "ரெண்டோட நிறுத்தப்பிடாது. சொல்லு, சொல்லு!"

அவள் சொன்னாள். அலறலாகத்தான் வந்தது. குழந்தை திடுக்கிட்டு வீரிட்டு அழுதது.