அந்தமானுக்கு ஓர் ஒத்திகை

சிவசங்கரியின் நோட்டில் அந்தமானுக்கு ஒன்பது பக்கங்கள் ஒதுக்கப்பட்டிருந்தன. விமானம், கப்பல், அறை, சாப்பாடு, கடலுக்கடியில் மீன் பார்ப்பது, சென்னைக்குப் போய்வரும் பஸ் என்று ஆறு பக்கம். ஏழாவது பக்கத்தில் கூட்டுத்தொகை நாற்பத்தெட்டாயிரத்துத் தொள்ளாயிரம். எடுத்த சீட்டுப் பணமோ ஐம்பதாயிரம். அதோடு நிறுத்தியிருந்தால் பாண்டிச்சேரி மூலக்குளத்து வீட்டில் அன்றைக்கே பாயசம் வைத்திருக்கலாம்.

வாரத்தில் மூன்று நாள், துணிக்கடை பில்லிங் வேலை முடிந்ததும் அவள் டாலி என்ற கம்ப்யூட்டர் கணக்கு வகுப்புக்குப் போய்வந்தாள். அங்கே, எந்த பட்ஜெட்டிலும் எதிர்பாராத செலவுக்குப் பத்து சதவீதம் சேர்க்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார்கள். அதைக் கேட்டதிலிருந்து அவளுக்குத் தூக்கம் போயிற்று. பத்து சதவீதம் என்று குத்துமதிப்பாக எப்படிப் போடுவது? என்னென்ன நடக்கும் என்று எழுதிப் பார்த்தால்தானே தொகை தெரியும்? எழுதினாள். அதுதான் எட்டாவது, ஒன்பதாவது பக்கங்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவள் கணவன் வெற்றிவேல் அந்தப் பக்கங்களை எடுத்துவைத்துக்கொண்டு சத்தமாகப் படித்தான்.

“‘ஒருவேளை செருப்பு அறுந்தால், முந்நூறு.’ சரி. ‘ஒருவேளை வாங்கிய செருப்பும் அறுந்தால், முந்நூறு.’ ஏன் சங்கரி, நாம அந்தமானுக்குப் போறமா, பழனிக்குப் பாதயாத்திர போறமா?”

“கிண்டல் பண்ணாதீங்க. மேல படிங்க.”

“‘ஒருவேளை கப்பலில் வாந்தி வந்தால், எலுமிச்சம்பழம், பத்து.’ ‘ஒருவேளை பக்கத்தில் இருப்பவர் மேல் பட்டால், ஐந்நூறு.’ இது எதுக்கு?”

“அவுங்களுக்குச் சட்ட வாங்கித் தர வேணாமா? எங்க கடையிலயே ஐநூறுக்குக் கீழ நல்ல சட்ட கெடையாது.”

இப்படி இரண்டு பக்கமும் சேர்ந்து பதினைந்தாயிரத்து இருநூறு. மொத்தம் அறுபத்து நாலாயிரத்து நூறு. ஐம்பதாயிரத்தில் அது அடங்காது என்று கணக்கு படிக்காத வெற்றிவேலுக்கே தெரிந்தது.

கல்யாணமாகி ஒன்றரை வருடத்தில் அவர்கள் ஊட்டிக்குப் போகாமல் இருந்திருக்கிறார்கள், மூணாருக்கும் போகாமல் இருந்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நோட்டில் பக்கங்கள் உண்டு. வெற்றிவேல் ஏசி மெக்கானிக். தை மாதம்தான் அவனுக்கு ஓய்வு. மாசி பிறந்து வெயில் ஏறிவிட்டால் ஊரே அவனைத் தேடும், லீவு என்ற பேச்சுக்கே இடமில்லை. இந்தத் தையிலும் போகவில்லை என்றால் சீட்டுப் பணத்தில் முன்னறைக்கு டைல்ஸ் போட்டுவிடுவது என்று முடிவாகியிருந்தது. டைல்ஸ் கடைக்காரர் இரண்டு முறை வந்து அளவெடுத்தும் போய்விட்டார்.

“உண்மையச் சொல்லு. எதுக்குப் பயப்படற?”

சிவசங்கரி பேனா மூடியைத் திறந்து திறந்து மூடினாள். “அங்க நமக்கு ஒருத்தரையும் தெரியாதுங்க.” அவள் இதுவரை போன ஊர் எல்லாவற்றிலும் யாராவது சொந்தம் இருந்தது. திருப்பதியில்கூட ஒரு சித்தப்பா இருந்தார்.

அப்போதுதான் அவளுக்கு அந்த யோசனை வந்தது. ஞாயிற்றுக்கிழமை சுண்ணாம்பாற்றுக்குப் போய், அங்கிருந்து படகில் அக்கரைக் கடற்கரைக்குப் போய்வருவது. டூரிஸ்டுகள் போகிற இடம்; உள்ளூர்க்காரர்களாகிய அவர்கள் போனதே இல்லை. பஸ், படகு, மணல், வெயில் எல்லாம் அந்தமான் மாதிரியே. ஒரு நாள் ஒத்திகை. பெரிய தப்பு எதுவும் நடக்காவிட்டால் அன்றைக்கே விமான டிக்கெட். நடந்தால் டைல்ஸ்.

“ஆனா ஒரே ரூல்,” என்றாள். “நாம வெளியூரு. இங்க நமக்கு யாரையும் தெரியாது. தெரிஞ்சவங்கள வெச்சி எந்தக் காரியமும் ஆகக்கூடாது.”

“பாண்டிச்சேரியிலயா?” என்று வெற்றிவேல் வாயைப் பிளந்தான்.

அவன் பயந்தது சரிதான். பைக்கை வீட்டில் விட்டுவிட்டு, கடலூர் பஸ் பிடித்து, படகுத்துறையில் இறங்கினால், டிக்கெட் கவுண்டரில் அன்பழகன் உட்கார்ந்திருந்தார். போன சித்திரையில் அவர் வீட்டு ஏசியை வெற்றிவேல் மூன்று தடவை பிரித்து மாட்டியிருக்கிறான்.

“அடடே, வெற்றி! வாப்பா வாப்பா!”

வெற்றிவேல் மனைவியைப் பார்த்தான். மனைவி வானத்தைப் பார்த்தாள்.

“ரெண்டு டிக்கெட் குடுங்க சார்,” என்றான் வெற்றிவேல். “நாங்க வெளியூரு.”

அன்பழகன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். “என்னாப்பா ஆச்சி? எங்கூட எதாச்சும் வருத்தமா?”

“இல்ல சார். டிக்கெட்டு.”

டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவர் சிவசங்கரியிடம் மெதுவாக, “வீட்ல எல்லாம் நல்லாத்தானம்மா இருக்கீங்க?” என்று கேட்டார். அவளுக்குச் சிரிப்பு முட்டியது. முந்தானையால் வாயை மூடிக்கொண்டு படகை நோக்கி நடந்தாள். அவள் அழுகிறாள் என்று அன்பழகன் நினைத்துக்கொண்டார்.

அக்கரை நன்றாகவே இருந்தது. ஒரு பக்கம் ஆறு, மறு பக்கம் கடல், நடுவில் வெள்ளை மணல். வெற்றிவேல் முழங்கால் வரை பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு அலையில் நின்றான். இளநீர் விற்ற அம்மாள் ஒன்று நூற்றிருபது ரூபாய் என்றாள். ஊருக்குள் என்ன விலை என்று சிவசங்கரிக்குத் தெரியும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. ஆனால் வெளியூர்க்காரிக்கு அது எப்படித் தெரியும்? பல்லைக் கடித்துக்கொண்டு இருநூற்று நாற்பதைக் கொடுத்தாள்.

நாலரை மணிக்கு, சவுக்கு மர நிழலில் உட்கார்ந்து பர்ஸை எண்ணினாள். நாற்பது ரூபாய் உதைத்தது. மறுபடி எண்ணினாள். படகுத்துறையில் விசில் ஊதினார்கள்.

“சங்கரி, கடைசி போட்டு.”

“ரெண்டு நிமிஷங்க. நாப்பது ரூபா இடிக்குது.”

“இடிக்கட்டும், வா.”

“வாங்குன எதையோ எழுதாம விட்டிருக்கேன். இருங்க, டீ ரெண்டு, முறுக்கு ஒண்ணு...”

இரண்டாவது விசிலுக்கு எழுந்து ஓடினார்கள். மணலில் கால் புதைந்தது. துறைக்கு வந்தபோது படகு ஆற்றின் நடுவில் இருந்தது. வெற்றிவேல் துண்டை வீசிக் கூப்பிட்டான். படகில் இருந்த வடநாட்டுக் குழந்தைகள் உற்சாகமாகத் திருப்பிக் கையசைத்தன.

சிவசங்கரி நோட்டைத் திறந்து ‘ஒருவேளை’ப் பக்கத்தில் விரலை ஓட்டினாள். செருப்பு இருந்தது, வாந்தி இருந்தது, காக்கா பொட்டலத்தைத் தூக்கிப்போவதுகூட இருந்தது. கடைசிப் படகை விடுவது இல்லை. அதுவும் கணக்கு எழுதப்போய்ப் படகை விடுவது.

“அன்பழகன் சாருக்குப் போன் போடுங்க.”

“யாரு அவரு?” என்றான் வெற்றிவேல். மணலில் வசதியாகச் சம்மணமிட்டு உட்கார்ந்துவிட்டான். “எனக்கு இந்த ஊர்ல யாரையும் தெரியாதே.”

“என்னங்க, வெளையாடாதீங்க.”

“நான் வெளையாடல. நாளைக்கி அந்தமான்ல, ஹேவ்லாக் தீவுல இப்பிடி ஆனா யாருக்குப் போன் போடுவ? உன் திருப்பதி சித்தப்பாவுக்கா?”

அவளுக்கு அழுகை வரப்பார்த்தது. முன்னறை முழுக்க டைல்ஸ் போட்டு, அதில் தன் முகம் மங்கலாகத் தெரிவது போல ஒரு காட்சி கண்ணில் வந்துபோனது. பார்ப்பதற்கு ஒன்றும் அழகாக இல்லை. நோட்டைப் பையில் போட்டாள். திரும்பிப் பார்த்தாள். தூரத்தில் இளநீர் அம்மாள் காலிச் சாக்குகளை மடித்துக்கொண்டிருந்தாள். சிவசங்கரி அவளிடம் போனாள்.

“அக்கா, போட்ட விட்டுட்டோம். இங்கேந்து போறதுக்கு வேற வழி இருக்கா?”

“அய்ய, விட்டுட்டியா?” அந்த அம்மாள் இவளை மேலும் கீழும் பார்த்தாள். “எந்த ஊரு கண்ணு?”

ஒரே ஒரு நொடிதான். மூலக்குளம் என்று சொன்னால் யார் வீடு, யார் மகள், யாருக்கு என்ன முறை என்று போய் எப்படியும் உறவு கிடைத்துவிடும்.

“சேலங்க்கா,” என்றாள்.

“கடலக் கண்டா சேலத்துக்காரவங்களுக்கு நேரம் போறது தெரியாதும்மா. வா, எங்க பைபர் போட்டு வரும். நாங்க கடக்காரவங்கல்லாம் அதுலதான் போவோம். உன் ஊட்டுக்காரரக் கூப்புடு. பாவம், பயந்து போய் ஒக்காந்துகெடக்கு.”

பயந்து போனவர் பல்லைக் காட்டிக்கொண்டு வந்தார். அந்த அம்மாள் பெயர் குஞ்சம்மாள், ஊர் வீராம்பட்டினம். படகு வரும்வரை, விற்காமல் மிஞ்சிய வறுத்த மீன் ஒன்றைப் பக்கத்துக் கடையிலிருந்து வாங்கி இலையில் வைத்துக் கொடுத்தாள். சிவசங்கரி பர்ஸைத் திறந்ததும் அவள் கையைத் தட்டிவிட்டாள். “எடுத்து வைய்யி. எங்கேந்தோ வந்த புள்ளைங்க. ஊருக்குப் போயி பாண்டிச்சேரிக்காரங்க பட்டினி போட்டாங்கன்னு சொல்லவா?”

படகுக்கும் காசு வாங்கவில்லை.

துறையில், கவுண்டரைப் பூட்டிவிட்டு அன்பழகன் நின்றிருந்தார். “யப்பா வெற்றி! மூலக்குளம் பஸ்சு அப்பறம் கூட்டமா வரும், சீக்கிரம் போங்க. சண்டயெல்லாம் தீந்துதா?”

குஞ்சம்மாள் இடுப்பில் கை வைத்தாள். “மூலக்கொளமா? அடிப்பாவி! சேலமுன்னியே!”

சிவசங்கரி விஷயத்தைச் சொன்னாள். சொல்லச் சொல்லத் தனக்கே அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. குஞ்சம்மாள் கேட்டு முடித்துவிட்டு, “கடலப் பாக்க கடலத் தாண்டிப் போறீங்களா? அதுக்கு எங்கிட்ட ஒத்திகையா?” என்று அன்பழகன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு மடியை அவிழ்த்தாள். “இந்தா. உள்ளூர்க்காரின்னு சொல்லியிருந்தா எளநி அறுவதுதான். மிச்சத்தப் புடி.”

“வேணாங்க்கா. அது வெளியூர்க் கணக்கு. எழுதியாச்சு.”

பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே தன் போனை எடுத்து விமானக் கட்டணத்தைப் பார்த்தாள். காலையில் பார்த்ததைவிட அறுநூற்றெண்பது கூடியிருந்தது. வெற்றிவேல் அவள் முகத்தையே பார்த்தான். நாற்பத்தொன்பதாயிரத்து ஐந்நூற்றெண்பது. மீதி நானூற்றிருபது. ஒரு செருப்புக்கு மேல் தாங்காது.

“உங்க போனுக்கு ஓடிபி வருது பாருங்க, சொல்லுங்க,” என்றாள்.

அவன் ஆறு எண்களைச் சொன்னான். டிக்கெட் வந்தது. இரண்டு பெயர்களிலும் எழுத்துப்பிழை இருக்கிறதா என்று அவள் நான்கு தடவை சரிபார்த்தாள். இல்லை.

பஸ்ஸில் உட்கார்ந்ததும் நோட்டு வெளியே வந்தது.

“இன்னும் என்ன?”

“அந்த நாப்பது ரூபாங்க. எங்க போச்சுன்னே தெரியல.”

வெற்றிவேல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். எதிரில் கடந்துபோன லாரி ஒன்றைக் கவனமாகப் பார்த்தான்.

“பாத்ரூம் போறேன்னு சொன்னேன்ல,” என்றான் கடைசியில். “உன் பர்ஸுலேந்து எடுத்துட்டுப் போனேன். மொளகா பஜ்ஜி. ரெண்டு பிளேட்டு. எண்ணெ வேணாம்னு நீ திட்டுவியேன்னு...”

“அடப்பாவி மனுஷா! அப்பவே சொல்லியிருந்தா போட்ட விட்டிருப்பமா?”

“விட்டிருக்க மாட்டோம்,” என்று ஒத்துக்கொண்டான். “மீனும் கெடச்சிருக்காது.”

அவள் அவனை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு ‘மிளகாய் பஜ்ஜி, 40’ என்று எழுதி, கீழே கோடு போட்டாள். கணக்கு நேரானது.