மதினி கை பட்ட காற்றுச்செடி

எனக்குக் கோபம் வந்தால் வாய்தான் முதலில் ஓடும். புத்தி அடுத்த பஸ்ஸில் ஆடி அசைந்து வந்து சேரும். இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்த காலமும் உண்டு. இப்போது சொல்ல வெட்கமாக இருக்கிறது.

நுவரெலியாவில் ஒரு ஹோட்டலில் வரவேற்பு மேசையில் வேலை எனக்கு. அங்கே முன்கூடத்தில் மண்ணே இல்லாமல் வளரும் காற்றுச்செடிகள் வைத்திருந்தார்கள். வருகிறவர்கள் எல்லாம் அதைப் படம் பிடிப்பார்கள். எனக்கும் ஆசை வந்து மூன்று வாங்கினேன். இரண்டு கண்ணாடிக் குடுவையில் இருந்தன. மூன்றாவதை ஒரு பழைய தேயிலைக் கட்டையில் ஒட்டியிருந்தார்கள். ராகலைத் தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் அந்த மாதிரிக் கட்டையை அடுப்பில் வைத்துக் குளிர் காய்ந்து வளர்ந்தவள் நான். அதையே விலை கொடுத்து வாங்கி வந்து வீட்டில் அலங்காரமாக வைத்தேன். லயத்துக்காரி என்பதை மட்டும் ஹோட்டலில் யாரிடமும் சொன்னதில்லை.

"கெழமைக்கு ஒருக்கா, ஏழு நாளைக்கு ஒரு தடவ, தண்ணியில முக்கி எடுங்க. தலகீழா உதறி, நல்லாக் காயவிட்டு வைங்க" என்று கடைக்காரர் சொல்லித்தான் கொடுத்தார். அதில் தண்ணீர் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. காலையில் ஒரு தெளிப்பு, வேலை விட்டு வந்ததும் ஒரு தெளிப்பு. வெளியே ஜூன் மாத மழை, நாள் முழுக்க மூடுபனி, ஜன்னல் பூட்டியே கிடந்தது. ரொம்பவும் அக்கறையாக வளர்ப்பதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாகலெட்சுமி என் கணவர் திலக்ஷனின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருபத்தெட்டு வருஷமாக வேலை. ஒரு கண்ணில் படலம் விழுந்து, மாதம் ஒரு தடவை நுவரெலியா ஆஸ்பத்திரிக் கண் கிளினிக்குக்கு வருவார். விடிந்ததும் போய் நம்பர் எடுக்க வேண்டும் என்பதால் முந்தின நாளே வந்து எங்கள் வீட்டில் தங்குவார்.

அந்த மாதம் நான் வேலை முடிந்து வந்தபோது மதினி கிளினிக் போய்வந்து, வீட்டைத் துடைத்து முடித்திருந்தார். கட்டை மொட்டையாக நின்றது. செடி இலை இலையாகப் பிரிந்து ஒரு பத்திரிகைத் தாளில் கிடந்தது. கீழ் வீட்டு ரிஸ்லா அப்போதுதான் கறிவேப்பிலை கேட்டு மேலே வந்திருந்தாள். திலக்ஷனும் இருந்தார்.

"தூசி தொடச்சேன் சுலக்ஷனா. துணி பட்டதும் அது..." என்று மதினி தொடங்கினார்.

நான் முடிக்கவிடவில்லை. கவ்வாத்து வெட்டி மொட்டையாக்கின தேயிலையில் சாக்குத்துணியால் பாசி தேய்த்து எடுக்கிற வேலையை எங்கள் அம்மா செய்யப் பார்த்து வளர்ந்தவள் நான். மதினியும் அதைச் செய்பவர். மேற்கொண்டு எனக்கு யோசிக்கத் தேவைப்படவில்லை.

"இது தோட்டம் இல்ல மதினி, கண்டதையும் பாசின்னு சொரண்டி எடுக்க. செடி எது, பாசி எதுன்னுகூடவா தெரியல ஒங்களுக்கு?"

ரிஸ்லா கறிவேப்பிலை வாங்காமலே இறங்கிப் போனாள். மதினி தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"கண்ணு சரியாத் தெரியல புள்ள. அழுத்தித் தேச்சுட்டேனோ என்னமோ. மனசுல வச்சுக்காத" என்றார். திலக்ஷன் சாப்பிடச் சொன்னதற்கு, பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார். திலக்ஷன் கூடப்போய் ஏற்றிவிட்டு வந்தார். வந்ததும் நேராகப் படுக்கப் போனார்.

அடுத்த கிழமை குடுவையில் இருந்த செடி ஒன்றைத் தூக்கினேன். நடுக்குருத்து அப்படியே கையோடு வந்தது. அடி கறுத்து, நசநசவென்று நாறியது. மற்றதும் அப்படித்தான். கடைக்காரருக்குப் போன் போட்டேன். "தண்ணி கூடிப்போச்சுங்க. ஈரத்தோட வச்சா உள்ளுக்குள்ள அழுகிடும். அதுக்கப்புறம் ஊதினாலே உதிர்ந்துரும்" என்றார்.

கட்டையில் இருந்ததும் அப்படித்தான் போயிருக்கிறது. அதை அழுக வைத்தவள் நான். மதினியின் துணி சும்மா பட்டிருக்கிறது, அவ்வளவுதான். இரண்டு செடிகளையும் குப்பை வாளியில் மரக்கறித் தோலுக்கு அடியில் போட்டு மூடினேன். திலக்ஷன் கேட்டபோது யாருக்கோ கொடுத்துவிட்டேன் என்றேன்.

மதினிக்கு இரண்டு தடவை போன் எடுத்தேன். சாப்பிட்டீங்களா, மழை எப்படி என்று கேட்டேன். சொல்ல வேண்டியதைச் சொல்லாமலே போனை வைத்தேன். நேரில் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே தவணை கொடுத்துக்கொண்டேன். உண்மையில் பயம்தான். மன்னிப்புக் கேட்கிற வாய் எனக்கு இல்லை.

அடுத்த கிளினிக்குக்கு மதினி எங்கள் வீட்டுக்கு வரவில்லை. "அக்கா மொத பஸ்ஸுல நேரா வருதாம்" என்றார் திலக்ஷன். அவர் குரலில் கோபம்கூட இல்லை. அன்றைக்கு நான் அரைநாள் லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். மதினி கடைசி வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தார். கையில் நூற்றுப் பதினேழாம் நம்பர்.

பக்கத்தில் உட்கார்ந்தேன். இந்த முறை யோசிக்காமலே சொல்லிவிட்டேன்.

"மதினி, அந்தச் செடிய நீங்க ஒன்னும் செய்யல. நான்தான் தண்ணி ஊத்தி ஊத்தி அழுக வச்சேன். ஒங்க கை பட்டு விழல. நான் பேசுனது பெரிய தப்பு. மன்னிச்சுக்கங்க."

மதினி என்னை நேராகப் பார்த்தார். நன்றாகத் தெரிகிற கண்ணால்தான் பார்த்தார்.

"அப்ப என் கண்ணு அவ்வளவு மோசமில்லையா?"

"இல்ல மதினி."

"நான் மோசமுன்னுதான் நெனச்சேன். செடியையும் பாசியையும் பிரிச்சுப் பாக்கத் தெரியாத கண்ண வச்சுக்கிட்டு மலையில என்ன வேல பாக்குறது, கத்திய எங்கயாவது மாத்தி வச்சுட்டா என்ன செய்யுறதுன்னு யோசிச்சு, வேலையில இருந்து நின்னுக்கிறேன்னு ஆபீஸ்ல எழுதிக் குடுத்துட்டேன்."

மதினி மெதுவாகக் கேட்டார்.

"ஒனக்கு இது எப்பத் தெரிஞ்சிச்சு?"

"நீங்க வந்துட்டுப் போன அடுத்த கெழமையே தெரியும் மதினி."

மதினி கையில் இருந்த நம்பர் துண்டைச் சின்னதாக மடித்துக்கொண்டார்.

"நான் போன கெழமதான் எழுதிக் குடுத்தேன்" என்றார்.