பதினோராவது ஆள்

“கோடிய வாங்காத. மொதல்ல மொறை என்னன்னு கேளு” என்று சுருளிவேல் சொன்னதும், தட்டை வாங்க நீட்டிய கையை இழுத்துக்கொண்டான் பாண்டியராஜன். கோடி கொண்டுவருகிறவர்கள் பெயரைச் சொல்ல இன்னொரு கையில் வைத்திருந்த மைக்கும் தானாகக் கீழே இறங்கியது.

பந்தலுக்கு நடுவில், ஐஸ் பெட்டிக்குள் சுருளிவேலின் தம்பி வேல்பாண்டி கிடந்தார். முந்தின நாள் சாயங்காலம் திராட்சைக் கொடிக்கு மருந்தடித்துவிட்டு, மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அறுபத்திரண்டு வயது. பிள்ளை கிடையாது.

இறந்தவர் மேல் போர்த்துகிற கோடித் துணியை நினைத்தவரெல்லாம் கொண்டுவந்துவிட முடியாது. தாய்மாமன் வீடு, பெண் கொடுத்த வீடு, பெண் எடுத்த வீடு என்று வரிசை இருக்கிறது. முறை இல்லாதவர்கள் மாலை போட்டுக் கும்பிட்டுவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டும். ஓடைப்பட்டியில் அந்த வரிசையை மூன்று தலைமுறையாகக் காத்துவருகிற வீடு அது. மற்ற வீட்டுச் சாவுகளில்கூட வரிசை தப்பினால் சுருளிவேல் தூக்க விடமாட்டார். எழுபத்து மூன்று வயதிலும் முதுகு வளையாமல், தம்பியின் தலைமாட்டில் காலை ஆறு மணியிலிருந்து நின்றுகொண்டிருந்தார்.

இப்போது தட்டோடு எதிரில் நிற்பவன் அம்மாவாசி. அவன் பின்னால் ஏழு பேர், எல்லாரும் திராட்சை போடுகிறவர்கள், வேல்பாண்டி முன்னின்று தொடங்கிய கம்பெனியில் சேர்ந்தவர்கள். அம்மாவாசியின் அப்பன் சுருளிவேல் தோட்டத்தில் கூலிக்குக் கொடி கட்டியவன். மகன் ஒன்றரை ஏக்கர் சொந்தமாக வாங்கிவிட்டான்.

“எங்களுக்கு மொறை இல்லதேன், பெரியய்யா” என்றான் அம்மாவாசி. “நாங்க ஆளுக்கொரு மாலை போட்டுட்டோம். இது எங்க கோடி இல்ல. கம்பெனியோட கோடி. காலையில பேக்கிங் ஷெட்டுல போர்டு மீட்டிங் போட்டு, தீர்மானம் எழுதிக் கொண்டாந்துருக்கோம்.”

வேல்பாண்டியின் மைத்துனர், தேவாரத்துக்காரர், நாற்காலியில் இருந்தபடியே கேட்டார். “கம்பெனிக்கு எந்த ஊர்லப்பா பொண்ணு எடுத்துருக்காக?”

சிரிக்கக் கூடாத இடத்தில் நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். பாண்டியராஜன் தன் பங்குக்கு, “மாமா, மைக்குல என்னன்னு சொல்லட்டும்? கம்பெனி வீட்டுக் கோடின்னா?” என்றான்.

சுருளிவேலுக்குக் காது சுட்டது. இந்தத் தட்டை வாங்கினால் இந்தச் சிரிப்பு தேவாரம், போடி, கம்பம் என்று போய்ச் சேரும். கல்யாண வீடுகளில் எல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். வாங்காவிட்டாலோ, தம்பி கடைசி நாலு வருஷம் எதற்காக ஓடினானோ அதை அவன் பிணத்தின் முன்னால் வெளியே தள்ளியதாக ஆகும்.

“மாமா, ஒரு நிமிசம் உள்ள வாங்க.”

நாகஜோதிதான் கூப்பிட்டாள். தம்பியின் மனைவி. அழுது தொண்டை கட்டியிருந்தது. பெண்கள் கூட்டத்திலிருந்து எழுந்து அவள் முன்னால் நடக்க, அவர் பின்னால் போனார். பாகம் பிரித்த வீட்டின் அந்தப் பாதிக்குள் அவர் கால் வைத்து நாலு வருஷம் ஆகியிருந்தது.

முன்னறையில் சாமி படங்கள் வரிசையாக இருந்தன. முருகனுக்கு வலப்புறம், அதே உயரத்தில், கண்ணாடி போட்ட ஒரு காகிதம். மேலே சிங்க முத்திரை. சட்டத்துக்குக் குங்குமம் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஓர் இளம்பெண் எழுந்து நின்றாள்.

“இது ஜெபஷீலா. தேனி பஜார்ல பாத்திரக் கடைக்காரக மக. கம்பெனி செக்ரட்டரிக்குப் படிச்ச பிள்ளை. இவதேன் எல்லாம் எழுதிக் குடுத்தா” என்றாள் நாகஜோதி.

சுருளிவேல் அந்தக் காலத்து எஸ்.எஸ்.எல்.சி. மூக்குக் கண்ணாடியைச் சரிசெய்து ஆங்கிலத்தை எழுத்துக் கூட்டினார். ஒரு நீளமான பெயர். ஒரு தேதி. அடியில் எழுத்தும் எண்ணுமாக ஒரு நீண்ட வரிசை. அதற்கும் கீழே பான் நம்பர்.

“யாரு பான் நம்பர் இது? தம்பியோடதா?”

“இல்லைங்கய்யா. கம்பெனியோடது” என்றாள் ஜெபஷீலா. “சட்டத்துல இது தனி ஆளு. இது பேர்ல நிலம் வாங்கலாம், கேஸ் போடலாம், இது மேலயும் கேஸ் போடலாம்.”

“சோறு திங்குமா?”

“திங்காது. வரி மட்டும் கட்டும்.”

அவர் சிரிக்கவில்லை. அவள் குரலைத் தணித்துக்கொண்டு விளக்கினாள். முதலில் பெயர். எழுதி அனுப்பிய பெயர், ஏற்கெனவே ஒருவருக்கு இருக்கிறது என்று இரண்டு தடவை திரும்பி வந்தது. மூன்றாவது தடவை, தோட்டங்களுக்கு நடுவில் இருக்கும் கிணறுகளை வைத்து நாலுகிணறு என்று எழுதினார்கள், நின்றது. பிறகு அது எதற்காக உண்டாகிறது என்று ஒரு பத்திரம், எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று இன்னொரு பத்திரம். குடியிருக்க ஒரு விலாசம். அதற்கு ஷெட்டைக் காட்டினார்கள். இரண்டு பத்திரத்திலும் விவசாயிகள் பத்துப் பேர் கையெழுத்து. எல்லாம் கம்ப்யூட்டர் வழியாக வடக்கே போய், எங்கோ ஓர் அதிகாரி சரிபார்த்து, இந்தக் காகிதத்தை அனுப்பினார்.

“காகிதத்துல போட்டிருக்கிற தேதியிலருந்து இது இருக்குதுங்கய்யா. அதுக்கு முந்தின நாள் வரைக்கும் கிடையாது. பத்துப் பேரு கையெழுத்துப் போட்டாக. வந்தது பதினோராவது ஆளு.”

சுருளிவேல் தேதியை மறுபடி பார்த்தார். ஆகஸ்ட் பன்னிரண்டு. அந்த நாள் அவருக்கு நினைவிருந்தது. தம்பி தெரு முழுக்க ஜிலேபி கொடுத்தான். என்ன விசேஷம் என்று கேட்டவர்களிடம் சிரித்தான் என்று மனைவி வந்து சொன்னாள். அவர் தன் பங்கைத் தொடவில்லை.

“பத்தாவது கையெழுத்து யாரு போட்டது?” என்று கேட்டார். “எங்கிட்ட வந்து கேட்டானே.”

நாகஜோதி தரையைப் பார்த்தாள். “கேட்டாக. நீங்க, ‘என் பேரு அம்மாவாசி பேருக்குக் கீழ வராது’ன்னு சொன்னீக. வந்து படுத்தவுக ரெண்டு நாளாச் சாப்பிடல. ஒம்பது பேரோட மூணு மாசம் அப்படியே கெடந்துச்சு. பெறகு எங்கப்பா குடுத்த நாப்பது சென்ட்டுல நானும் கொடி போட்டுருக்கேன்ல, நான் போடுறேன்னேன்.”

“நீயா?”

“கம்ப்யூட்டர் கையெழுத்துக்குப் போன்ல மூஞ்சியக் காட்டிப் பேரச் சொல்லச் சொன்னாக மாமா. வெக்கத்துல கொரலே வரல. மூணு தடவ எடுத்தாக. இவுக பக்கத்துல நின்னுக்கிட்டு, ‘சத்தமாச் சொல்லு ஆத்தா, நீ டைரக்டரு’ன்னு…” முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

தன் வீட்டுப் பெண் ஒருத்தி அரசாங்கத்துக்கு முகம் காட்டிப் பெயர் சொன்னது, நடுச்சுவருக்கு இந்தப் பக்கம் நடந்திருக்கிறது. அவருக்குத் தெரியவில்லை. கோபம் வர வேண்டிய இடம்தான். வரவில்லை.

“இப்ப இவன் போயிட்டான்ல. இது என்ன ஆகும்?” என்று ஜெபஷீலாவிடம் கேட்டார்.

“ஒண்ணும் ஆகாதுங்கய்யா. பத்துல ஒருத்தர் இல்லைன்னு சொல்லி, இன்னொருத்தரச் சேத்துக்கணும். அதுபாட்டுக்கு இருக்கும்.”

“அம்மாவாசியும் போயிட்டா?”

“இருக்கும்.”

“நானு, எம் மகன், அவன் பிள்ளைக, இந்தத் தெருவுல இப்ப உக்காந்திருக்க எல்லாரும் போன பெறகு?”

“யாராவது முறைப்படி கலைச்சாத்தான் இல்லாமப் போகும். இல்லைன்னா இருக்கும். உங்க தம்பியும் இதையேதான் கேட்டாக. நான் சொன்னதும் கையில இருந்த டீயக் கீழ வச்சவுக, பெறகு எடுக்கவே இல்ல. டீ ஆறிப்போச்சு.”

சுருளிவேல் கண்ணாடியைக் கழற்றினார். வயிறு இல்லை, ரத்தம் இல்லை, அழத் தெரியாது. பத்து விவசாயிகளின் கையெழுத்திலிருந்து எழுந்து நின்று, கையெழுத்துப் போட்டவர்களையெல்லாம் அனுப்பிவைத்துவிட்டு, அது தன் பெயரோடு நாலு கிணற்றுக்கு நடுவில் நிற்கப் போகிறது. மலைக்கு முன்னால் நிற்கும்போது வருகிற மாதிரி ஒன்று அவர் நெஞ்சுக்குள் வந்தது. நாலு அடி உயரத்தில் தொங்கிய காகிதத்தைப் பார்க்க அவர் தலையை நிமிர்த்த வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் நிமிர்த்தினார். தோளில் கிடந்த துண்டு எப்போது கைக்கு வந்தது என்று தெரியவில்லை.

வெளியே வந்தபோது அம்மாவாசி தட்டை இறக்காமல் அதே இடத்தில் நின்றான்.

“கோடியத் திருப்பிக் கொண்டு போ” என்றார் சுருளிவேல்.

அம்மாவாசியின் முகம் கறுத்துவிட்டது. பின்னால் நின்ற ஏழு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். வாசற்படியில் நாகஜோதி நிலையைப் பிடித்துக்கொண்டாள். “அப்படிச் சொல்லுங்க மச்சான்” என்றார் தேவாரத்துக்காரர்.

“கோடி, கொண்டவன் குடுத்தவன் போடுறது. பெத்தவனுக்குப் பிள்ளை கோடி போடுற வழக்கம் எங்க வீட்ல கெடையாது” என்றார் சுருளிவேல். “பிள்ளை நீர்மாலைக்குப் போகணும்.”

ஒருவருக்கும் விளங்கவில்லை. நீர்மாலை என்றால், இறந்தவரைக் குளிப்பாட்டப் பிள்ளைகளும் பங்காளிகளும் கிணற்றுக்குப் போய், வெள்ளைத் துணிப் பந்தலுக்கடியில் குடத்தைத் தூக்கி வருவது. மாமன் மச்சானுக்கே அதில் இடமில்லை.

“மச்சான், அப்ப உங்க மகன்?” என்றார் தேவாரத்துக்காரர். இப்போது அவர் எழுந்து நின்றிருந்தார்.

“எம் மகன் கொள்ளி வைப்பான். இது தண்ணி எடுக்கும். அண்ணன் தம்பின்னா ஆளுக்கொரு வேலை இருக்கும்ல.” யாராவது மறுபடி சிரிக்கிறார்களா என்று பந்தலை ஒரு சுற்றுப் பார்த்தார். யாரும் சிரிக்கவில்லை. “யாரு போறீக?”

எட்டுப் பேரும், அவர் பின்னாலேயே வெளியே வந்திருந்த ஜெபஷீலாவைப் பார்த்தார்கள். அவள் தயங்கினாள். “அதுக்குக் கை கால் கிடையாதுங்கய்யா. அதுக்காக ஒரு ஆளு போகணும். இன்னாரு போகலாம்னு டைரக்டர்க தீர்மானம் எழுதணும்.” சொல்லிவிட்டு, சாவு வீட்டில் இதைச் சொல்லியிருக்கக் கூடாதோ என்று உதட்டைக் கடித்தாள்.

“எழுதட்டும்” என்றார் சுருளிவேல்.

மினிட் புத்தகம் ஒரு பைக்கின் பெட்டியிலிருந்து வந்தது. பிளாஸ்டிக் நாற்காலி மேல் வைத்து ஒருவர் எழுதினார். வேல்பாண்டி போக மிச்சம் டைரக்டர்கள் நாலு பேர். மூன்று பேர் போட்டதும் புத்தகத்தைப் பெண்கள் பக்கம் கொண்டுபோனார்கள். நாகஜோதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஈரக் கையைச் சேலையில் ஒற்றிவிட்டு, தன் பெயரை முழுதாக எழுதினாள்.

“நல்ல நேரம் போகுதுண்ணே” என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

“எழுதி முடிக்கட்டும்.”

அவர் நின்றே இருந்தார். அம்மாவாசி சட்டையைக் கழற்றி மடித்து வைத்தான். அவனுக்கும் சுருளிவேல் மகனுக்கும் ஆளுக்கொரு மாலை போட்டார்கள்.

பாண்டியராஜன் மைக்கை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தான். “நீர்மாலைக்குப் பிள்ளைக பேரச் சொல்லணுமே மாமா. கம்பெனின்னு சொன்னாப் போதும்ல?”

“உன் பேர எவனாவது பாதி சொன்னா விடுவியா? முழுசாச் சொல்லு.”

ஜெபஷீலா ஒரு சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்தாள். பாண்டியராஜன் முதலில் சுருளிவேல் மகன் பெயரைச் சொன்னான். பிறகு சீட்டைத் தூரத்தில் பிடித்து, “நாலுகிணறு கிரேப் ஃபார்மர்ஸ் புரொடியூசர் கம்பெனி லிமிடெட்” என்று வாசித்தான். தெருக்கோடி ஸ்பீக்கரில் அது இரண்டாவது தடவை கேட்டது. கொட்டுக்காரர்கள் அடிக்கத் தொடங்கினார்கள்.

கிணற்றிலிருந்து திரும்புகையில் வெயில் ஏறிவிட்டது. நாலு பேர் நாலு மூலையைப் பிடித்து வந்த வெள்ளைத் துணிக்கடியில் முன்னால் மகன், அவனுக்குப் பின்னால் அம்மாவாசி, தலையில் குடம். பின்மூலை பிடித்திருந்த பங்காளிப் பையன் குள்ளம். துணி தொய்ந்து, அம்மாவாசியின் குடத்து வாயை உரசிக்கொண்டே வந்தது. கூட நடந்துவந்த சுருளிவேல் இரண்டு எட்டு முன்னால் போய்ப் பையன் கையிலிருந்து அந்த மூலையை வாங்கி, கை நீளும் மட்டும் உயர்த்திப் பிடித்தார்.

குடம் தளும்பித் தளும்பி அவர் வேட்டியில் தண்ணீர் விழுந்தது. அவர் விலகி நடக்கவில்லை.