சலோமி வழியாக வரும் வைஃபை

ஞானத்தங்கத்தின் வீட்டில் வைஃபை முன்னறையிலிருந்து பின்னறைக்குப் போகும் நடையில் பாதி வரைதான் எட்டியது. அதைப் பின்னறைக்குக் கொண்டுசேர்க்க, கணவரின் தங்கை சலோமி நடையில் நாற்காலி போட்டு உட்கார்ந்தாள்.

லைன் மாட்டியவர் சொன்ன யோசனைதான். "நடுவுல ஒரு ஆள் வேணும்மா. காதுல விழுந்ததை மனசுல வச்சுக்கத் தெரியாத ஆளா இருந்தா சிக்னல் நல்லா போகும்" என்றார். யாரும் பெயர் சொல்லவில்லை. சலோமியே நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

பின்னறையில் கணவர் தவமணி இடுப்பெலும்பு முறிந்து படுத்திருந்தார். துபாயில் இருக்கும் மகன் ஆசீரின் முகத்தைத் தினமும் போனில் பார்த்தால்தான் அவருக்குச் சோறு இறங்கும். சலோமி உட்கார்ந்த அன்றே படம் பளிச்சென்று வந்தது. ஒரே ஒரு குறை. முன்னறையில் "சாப்பிட்டேம்மா" என்றவன், நடையைத் தாண்டியதும், "சாப்பிட்டேன்ப்பா, அம்மா வைக்கிற மீன்குழம்பு மாதிரி வருமா?" என்றான்.

"வந்ததை வந்தபடி அனுப்பேன் சலோமி."

"வெறுங்கையோட அனுப்ப மனசு வரல மதினி."

ஒருநாள் ஆசீர் முன்னறையில் சொன்னான்: "கிறிஸ்மஸுக்கு லீவு இல்லம்மா. அப்பாகிட்ட நீங்களே பக்குவமா சொல்லிருங்க."

அந்த மனுஷன் எப்படித் தாங்குவார்? ஆண்டவரே, நீரே பார்த்துக்கொள்ளும் என்று முணுமுணுத்தபடி, ஞானத்தங்கம் போனோடு சலோமியைக் கடந்து போனாள்.

பின்னறையில் அதே ஆசீர் சிரித்தான். "அப்பா, இருபத்து நாலாம் தேதி காலையில வாரேன்."

தவமணி சவரம் செய்துகொள்ள வெந்நீர் கேட்டார். "ஏளா, மெத்தையைத் தட்டிப் போடு. பய வாரான்லா."

ஞானத்தங்கம் நடைக்கு வந்து நின்றாள். "இப்படிப் பண்ணிட்டியே. அன்னைக்கு அவன் வராட்டா உங்க அண்ணன் உடைஞ்சு போயிருவாங்களே."

"அனுப்பியாச்சே மதினி. இனி எப்படித் திருப்பி வாங்க?"

அதன் பிறகு ஞானத்தங்கத்தின் ஜெபத்தில் வேறு விண்ணப்பமே இல்லை.

இருபத்து நாலாம் தேதி காலையில் வாசலில் ஆட்டோ நின்றது. பெட்டியோடு இறங்கிய ஆசீர், போனில் பார்த்ததைவிடக் கொஞ்சம் பூசினாற்போல் இருந்தான். நேரே பின்னறைக்குப் போய், அப்பா பக்கத்தில் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டான்.

முன்னறையில் போன் அடித்தது. ஆசீர்தான், துபாயிலிருந்து.

"அப்பா ரொம்ப வருத்தப்பட்டாங்களாம்மா?"

"இல்லப்பா. உன்கூட உக்காந்து இட்லி சாப்பிட்டுட்டு இருக்காங்க."

"நல்லதும்மா. அவன் அங்கேயே இருக்கட்டும். இங்க ரூம்ல எனக்கு ஒத்தைக் கட்டில்தான்."