வெள்ளிக்கிழமைக் கசிவு

ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வைஷாலி போன வெள்ளிக்கிழமை ஊரின் மறுகோடியிலிருக்கும் ஜூரோங்குக்கு வேனில் பறந்துவிட்டாள். அந்த வார்த்தை மட்டும் டிக்சன் ரோட்டுக் கடையிலேயே தங்கி, ஒரு வாரமாக வேலை பார்த்திருக்கிறது.

வைஷாலி எலக்ட்ரீஷியன். லைசென்ஸ், சொந்த வேன், எட்டு வருட அனுபவம் எல்லாம் உண்டு. பொறுமை மட்டும் கொஞ்சம் குறைவு. கோவிந்தசாமியின் சைவச் சாப்பாட்டுக் கடையில் வெள்ளிக்கிழமை தோறும் பதினோரு மணி வாக்கில் மெயின் டிரிப்பாகிக் கடையே இருண்டுவிடுகிறது என்று போன வாரம் கூப்பிட்டார்கள். அடுத்த வேலைக்கு நேரமாகிவிட்ட பதற்றத்தில், கையில் கிடைத்த, கரண்ட் அளக்கிற பெரிய கிளாம்ப் மீட்டரை அரவை இயந்திரத்தின் வயரில் கவ்வ வைத்தாள். ஏதோ ஓர் எண் ஆடியது. "கிரைண்டருக்கு வயசாயிடுச்சு அங்கிள், அதுலதான் கரண்ட் லீக் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிவிட்டாள்.

இன்று கிரைண்டர் லைனைக் கழற்றத்தான் வரச் சொல்லியிருந்தார்கள்.

"நாளையிலேருந்து ஜூரோங் ஃபேக்டரி மாவு. ரெடிமேட் லா, தலைவலி இல்ல" என்றார் கோவிந்தசாமி. நல்ல மனிதர்தான். ஆனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் ஆண்டவனே வந்தாலும் மாற்றமாட்டார்.

"அப்ப மாஸ்டர்?"

"ஞாயித்துக்கிழமை ஊருக்கு ஃப்ளைட். மாவே ஆட்டலன்னா மாவு மாஸ்டர் எதுக்கு?"

வைஷாலி உள்ளே எட்டிப் பார்த்தாள். சமையற்கட்டில் ராமலிங்கம் மாஸ்டர் உளுந்தைக் களைந்துகொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை வடைக்கு எப்போதும் கூடுதலாக ஒரு ஈடு ஆட்டவேண்டும். பதினோரு வருடமாக அவர் ஆட்டிய மாவில்தான் அந்தக் கடையின் இட்லி பூத்தது. அவளைப் பார்த்ததும், "வாங்க தங்கச்சி, காப்பி குடிச்சீங்களா?" என்றார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது அவளுக்கு.

மூட்டை நிறுக்கிற தராசில் குங்குமப்பூவை நிறுத்துவிட்டு ஒரு மனிதனின் பிழைப்பில் கைவைத்திருக்கிறோம் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் பெரிய மீட்டர் ஆம்பியர் கணக்கில் அளப்பது. கசிவோ அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, இரண்டு பங்கு என்று இருக்கும். அதற்கென்று வேறு கிளாம்ப் உண்டு, வேனிலேயே இருந்தது. இறங்கிப்போய் எடுக்கத்தான் போன வாரம் சோம்பல்.

இன்று ஓடிப்போய் எடுத்து வந்தாள்.

"அண்ணே, கிரைண்டரைப் போடுங்க. நெறைய தண்ணி ஊத்தியே ஆட்டுங்க."

போகிற வயர், திரும்புகிற வயர் இரண்டையும் சேர்த்து மீட்டரின் வாய்க்குள் விட்டாள். போன மின்சாரம் அப்படியே திரும்பி வந்தால் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு மீட்டர் பூஜ்யம் காட்டும். வழியில் எங்காவது ஒழுகினால் அந்த ஒழுகல் மட்டும் எண்ணாக வரும். கல் சுழன்றது, உளுந்து நுரைத்தது, மீட்டரோ கால் மில்லியாம்ப்கூடத் தாண்டவில்லை.

"கிரைண்டர் சுத்தம் அங்கிள்!"

"போன வாரம் வேற சொன்னே?"

"போன வாரம் சொன்னது தப்பு. அளக்காமலே சொன்னேன்."

கோவிந்தசாமியின் புருவம் ஏறியது. "அப்ப எதுலம்மா லீக்?"

அதுதான் தெரியவில்லை. மெயின் போர்டில் வயர்களைச் சேர்த்துக் கவ்வவைத்துவிட்டு, ஸ்டூலில் ஏறிக் காத்திருந்தாள். ஃபேன், விளக்கு, கிரைண்டர் எல்லாம் ஓடியும் எண் ஒன்றைத் தாண்டவில்லை. மணி பத்தே முக்கால். இன்று டிரிப்பாகாமல் போனால் மாஸ்டர் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறிவிடுவார். மின்சாரம் போகவேண்டும் என்று ஓர் எலக்ட்ரீஷியன் வேண்டிக்கொண்டது உலகத்தில் அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

கோவிந்தசாமிக்குப் பூஜை நேரம் வந்துவிட்டது. சந்தனக் கிண்ணமும் பன்னீர்ச் செம்புமாகக் கிளம்பினார். முருகன் படத்துக்குப் பொட்டு, கல்லாவுக்குப் பொட்டு. ஒரு மாதத்துக்கு முன் வாங்கிய குளிர்பான ஃப்ரிட்ஜுக்கு மட்டும் புது மருமகளுக்குக் குறைவில்லாத மரியாதை. கதவுக்கு மூன்று பொட்டு, பக்கத்துச் சுவரில் உதடு உடைந்த பழைய பிளக் பாயிண்டுக்கு ஒரு குழைந்த பொட்டு, அதன்மேல் தாராளமாகப் பன்னீர். பிறகு கற்பூரம் ஏற்றப் போய்விட்டார்.

மீட்டரில் மூன்று. ஐந்து. பதினொன்று.

"அங்கிள்..."

பத்தொன்பது. இருபத்துநான்கு. டப்பென்று கடை இருண்டது. வழக்கம்போலக் கிரைண்டர்தான் பெரிதாக முனகிக்கொண்டு நின்றது, எல்லாரும் வழக்கம்போல அதைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். வைஷாலி மட்டும் ஃப்ரிட்ஜைப் பார்த்தாள்.

டார்ச்சோடு இறங்கிவந்து பிளக் பாயிண்டைக் கழற்றிக் காட்டினாள். உள்ளே நாலு வாரச் சந்தனம் அடை கட்டியிருந்தது, பன்னீர் ஜம்மென்று மணந்தது. அந்த ஈரத்தின் வழியாகத்தான் கரண்ட் ஒழுகியிருக்கிறது.

"சாமி காரியம்மா" என்றார் கோவிந்தசாமி, குரல் இறங்கிப்போய்.

"சாமி மேல குத்தமில்ல அங்கிள். உங்க மேல பாதி, என் மேல பாதி. மாஸ்டர் மேல ஒண்ணுமே இல்ல."

இருட்டில் கற்பூரம் மட்டும் எரிந்துகொண்டிருந்தது. முதலாளி அதையே பார்த்துக்கொண்டு நின்றார். முடிவை மாற்றாத மனிதர் மாறுவதற்குக் கொஞ்ச நேரம் வேண்டும் அல்லவா? பிறகு சந்தனக் கிண்ணத்தோடு சமையற்கட்டுக்குப் போனார். கிரைண்டரை நோக்கிக் கை நீண்டது.

"ஐயோ, மெஷினுக்கு வேணாம்!" என்று கத்தினாள் வைஷாலி. "ஆட்டுறவருக்கு வைங்க."

பதினோரு வருட வெள்ளிக்கிழமைகளில் கடையில் பொட்டு வாங்காத ஒரே நெற்றியில் அன்று சந்தனம் ஏறியது. ராமலிங்கம் உளுந்துக் கையைத் தூக்கிப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது கண் கலங்கியிருந்தது. அதை மறைக்க, மூலையில் காலியாகக் கவிழ்த்து வைத்திருந்த பெரிய அண்டாவைப் பார்த்தார்.

"மொதலாளி, நாளைக்கு அரிசி ஊறப் போடவா?"

"இதெல்லாம் கேக்கணுமா லா" என்றார் கோவிந்தசாமி. "போடுங்க மாஸ்டர்."