பூஜைக்குக் கழுவிய கார்

எங்கள் கீரனூரில் ஒரு பாழாய்ப்போன வழக்கம். வெளியே போன உயிரென்றால் உடலை வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள். தெருவிலேயே கிடத்தி அப்படியே எடுத்துவிடுவார்கள். மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டர் கையை விரித்ததும் என் அப்பா நாச்சிமுத்து கேட்டது ஒன்றுதான்: தான் கட்டிய வீட்டுக்குள் கிடந்து சாக வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டரோடு அவரை என் காரின் பின்சீட்டில் ஏற்றி, அம்மாவின் மடியில் தலையை வைத்துக் கிளம்பினேன்.

கொடைரோடு தாண்டியதும் எஞ்சின் விளக்கு மஞ்சளாக எரிந்தது. எரிந்து தொலையட்டும் என்று அழுத்தி ஓட்டினேன். சின்னாளப்பட்டியில் கார் நின்றே போனது. சாவியைத் திருப்பினால் எஞ்சின் சுற்றுகிறது, பிடிக்கமாட்டேன் என்கிறது. அன்றைக்குப் பார்த்து ஆயுத பூஜை. போன் போட்ட டாக்ஸிக்காரன் ஒருத்தனும் வரவில்லை. ஆம்புலன்ஸ் வர ஒரு மணி நேரமாகுமாம். சிலிண்டர் அவ்வளவு தாங்காது.

எதிரே ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. மெக்கானிக் பாண்டியராஜ் ஸ்பானர், வண்டியின் பழுதைக் காட்டும் ஸ்கேனர் எல்லாவற்றையும் சாமி படத்துக்கு முன்னால் அடுக்கிப் பொட்டு வைத்திருந்தார். நாளைக்கு மறுபூஜை முடியாமல் எதையும் தொடமாட்டேன் என்றார். வந்த ஆத்திரத்துக்கு அவரை அறைந்திருப்பேன், காலில்தான் விழுந்தேன். அவர் கார் வரைக்கும் வந்து அப்பாவைக் குனிந்து பார்த்தார். பிறகு உள்ளே போய், பூவும் பொட்டுமாக இருந்த ஸ்கேனரை எடுத்துவந்தார்.

ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகியதும் திரையில் பழுதின் குறியீடு வந்தது. கிராங்க் சென்சாராம். எஞ்சின் சுற்றுவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சாமான் அது. அது சொல்லாவிட்டால் வண்டி பிடிக்காது. குறியீட்டை அழித்தார், திரும்ப வந்தது. மறுபடி அழித்தார், மறுபடி வந்தது. புதுச் சென்சார் வாங்க ஒரு கடையும் திறந்திருக்காது என்றார். நான் தலையில் அடித்துக்கொண்டேன். அவர் பானட்டைத் திறந்து பார்த்துக்கொண்டே நின்றார்.

"எஞ்சினுக்கெல்லாம் பொட்டு வச்சிருக்கீங்களேண்ணே. தண்ணியடிச்சுக் கழுவுனீங்களா?"

கழுவினேன். அப்பா பிழைத்துவிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டு, முந்தின நாள் சாயங்காலம் பைப்பை எஞ்சினுக்குள்ளேயே விட்டுப் பீய்ச்சிக் கழுவினேன். கழுவிய இந்தக் கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது.

பாண்டியராஜ் பூஜைக்குக் கட்டிய வேட்டியோடு வண்டிக்கு அடியில் புகுந்தார். சென்சாரின் ஒயர் பிளக்கைப் பிடுங்கியதும் தண்ணீர் சொட்டியது. வேட்டி நுனியால் துடைத்து, வாயால் ஊதி ஊதிக் காயவைத்துத் திரும்ப மாட்டினார்.

"இப்ப அடிச்சுப் பாருங்க."

பிடித்துக்கொண்டது. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போயிரலாம்ப்பா என்று சொல்லிக்கொண்டே திரும்பினேன். அம்மா அப்பாவின் கண்களை மூடிவிட்டு, மாஸ்க்கை அவர் முகத்தில் சரியாக வைத்துக்கொண்டிருந்தாள்.

"வண்டிய எடு கண்ணு," என்றாள். "ஊருல ஆரு கேட்டாலும் மூச்சு இருக்குதுன்னே சொல்லு. உள்ள கொண்டுபோய்ப் படுக்க வெச்சப்பறம் நான் அழுதுக்கறேன்."